காலால் ஒதுக்கிய பந்து

செப்டம்பர் 4

என் சின்னவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறாள். போனில் பேசலாமே என்பாய். என் காதுக்குப் போனில் உன் குரல் டப்பாவுக்குள் மாட்டிய ஈ மாதிரி கேட்கிறது. கடிதம் என்றால் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கத்தி வாசிப்பாள். எனக்கும் கேட்கும், மாடி வீட்டுக்கும் கேட்கும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரார் வீட்டுப் பீரோக்களையெல்லாம் சுமந்த இடுப்பு பஸ் சீட்டுக்கா பயப்படும்?

உன் கோல்ஃப் ஆட்டத்தை முதல் தடவையாகப் பார்த்தேன் அல்லவா, அதையேதான் மனசு ஓட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு எழுத்துதான் வராதே தவிர, கண்ணில் பட்டது எதுவும் மறந்து போகாது. முதல் குழிக்கு முன்னால் நீ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாய். உன் இடது கையுறையில் கட்டைவிரல் பக்கம் தையல் போட்டிருந்தது. ஒருவன் என்னைப் பார்த்து ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினான். வரவேற்கிறான் போல என்று நினைத்து, "நல்லா இருக்கேன் தம்பி, நீங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். பேசாதே என்று அதில் எழுதியிருந்ததாம். நெட்டைதான் அப்புறம் சொல்லிச் சிரித்தான். உன்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பையன் எவ்வளவு நல்லவன்! தன் ஆட்டம் முடிந்ததும் வந்து, வெயில் என்று தன் துண்டையே என் தலையில் போட்டுவிட்டான்.

முதல் இரண்டு நாள் நன்றாக ஆடியவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்களே, அந்தக் 'கட்'டை நீ தாண்டிவிட்டாய் என்று கேட்டபோது எனக்குக் கால் தரையில் இல்லை. இந்த வருஷம் முதல் தடவை அல்லவா.

ஆனால் அன்று சாயங்காலம் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் தரையைப் பார்த்தே பேசினாய். என் ரப்பர் செருப்புதான் காரணமோ? அங்கே எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நான் வந்ததால் உனக்கு ஒரு நன்மை நடந்தது. என்ன என்று கேட்காதே. நேரில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

*

செப்டம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம். அக்கா நலமா?

இந்த வாரமும் வேறு ஊர், வேறு லாட்ஜ். ஒரு காரில் நான்கு பேர், நான்கு மட்டைப் பைகள். பைகளுக்கு இடம் போக மிச்சத்தில் நாங்கள். கூட வரும் பையன்கள் எனக்குப் பதினைந்து வயது இளையவர்கள். என்னைச் 'சித்தப்பா' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

அக்டோபர் தொடக்கத்தில் கடைசிப் போட்டி, நீங்கள் வந்த அதே மைதானத்தில். சென்ற முறை கிடைத்த இடத்தால் தரவரிசைப் பட்டியலில் ஏறியிருக்கிறேன். இதிலும் சுமாராக ஆடினால் போதும், அடுத்த வருஷம் பெரிய போட்டிகள் நடக்கும் டூரில் இடம்.

அதற்கு நீங்கள் வர வேண்டாம்.

செருப்பெல்லாம் ஒன்றும் இல்லை அப்பா. வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
சின்னவன்

*

செப்டம்பர் 18

சின்னவனுக்கு அப்பா சொல்வது,

'நீங்கள் வர வேண்டாம்' என்ற இடத்தை அக்காவைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். வேறு மாதிரி வாசிப்பாளா என்று பார்த்தேன். அதேதான் வந்தது.

புது ஷூ வாங்கிவிட்டேன். கறுப்பு. நடந்தால் வாத்து மாதிரி சத்தம் போடுகிறது. இனி வரப்போவதில்லை என்றாலும் இருக்கட்டும்.

உனக்கு நான் ஒன்றும் செய்ததில்லை என்று நினைக்கிறாயோ என்னவோ. நீ எட்டு வயதில் பிடித்த முதல் மட்டை, ஒரு வீட்டைக் காலி செய்யும்போது குப்பைக்குப் போகவிருந்தது. "இது எனக்கு வேணுங்க" என்று அந்த வீட்டுக்காரரிடம் நான்தான் கேட்டேன். அவர் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெற்றிலைக் கறை இல்லாத வெள்ளைப் பல். அந்த வெட்கத்தை எல்லாம் நான் வெட்கமாகவே நினைக்கவில்லை.

நேரில் சொல்ல இருந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பீரோவை இரண்டு பேர் தூக்கினால், முன்னால் போகிறவன்தான் பின்னால் வருகிறவனுக்குக் கண். வாளி, செருப்பு, பொம்மை என்று எது கிடந்தாலும் காலாலேயே ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும். பின்னால் வருகிறவனுக்குத் தன் கால் எங்கே படுகிறது என்றே தெரியாது. என் ஜோடிக்காரன் என் பின்னால் ஒருநாளும் இடறியதில்லை.

அன்று கடைசிக்கு முந்தின குழியில் உன் பந்து மரங்களுக்குள் வந்து ஒரு வேருக்கடியில் முட்டிக்கொண்டது. நான் அங்கேதான் நிழலில் நின்றிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. காலால் ஒதுக்கினேன். ஒரு முழம்கூட இருக்காது. புல் மேல் வந்து அழகாக உட்கார்ந்தது. நீ வந்து ஒரே அடி, குழிப் பக்கத்திலேயே போய் விழுந்தது! எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. தட்டினால் காட்டிக்கொடுத்துவிடுமே.

இந்தக் காலைப் பார்த்தா உனக்குக் கூச்சம்?

அப்பா

(தம்பி, இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதி முடித்ததும் சிரிப்பு போய்விட்டது. இப்படிச் செய்யலாமா உங்கள் ஆட்டத்தில்? — அக்கா)

*

செப்டம்பர் 25

அப்பா,

அக்கா, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாக வாசி. மாடி வீட்டுக்குக் கேட்க வேண்டாம்.

நான் பார்த்தேன் அப்பா. நீங்கள் பந்தை ஒதுக்கியபோது மேட்டு மேல் நின்றிருந்தேன். உங்கள் தலையில் நெட்டையின் மஞ்சள் துண்டு. முதலில் அதுதான் தெரிந்தது, அப்புறம் உங்கள் கால்.

உங்களுக்கு விதி தெரியாது. எனக்குத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்தவர் பந்தை நகர்த்திவிட்டால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அபராதம்கூடக் கிடையாது. "அப்பா, அதத் தொடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வேருக்கடியில் வைத்திருக்கலாம். அங்கிருந்து வெளியே தட்டிவிடத்தான் முடிந்திருக்கும். எப்படியும் இரண்டு அடி கூடியிருக்கும். 'கட்'டுக்கு வெளியே போயிருப்பேன்.

அந்த மேட்டிலிருந்து இறங்கும்வரை, வைத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பந்து பக்கத்தில் வந்தபோது அது புல் மேல் இருந்தது. அடித்துவிட்டேன். பிறகு அடிக்கணக்கு அட்டையில் கையெழுத்தும் போட்டேன். எங்கள் ஆட்டத்தில் பந்துக்குப் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. எங்கள் தப்பை நாங்களேதான் சொல்லவேண்டும். சின்ன வயதிலிருந்து எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

நான் உள்ளே வந்ததால் 'கட்' கோடு என்னோடு நின்றது. நான் அந்த இரண்டு அடியையும் அடித்திருந்தால் கோடு ஓர் அடி இறங்கியிருக்கும், எனக்கு ஓர் அடி பின்னால் இருந்த நெட்டை உள்ளே வந்திருப்பான். அன்று ராத்திரி அவன் பையைக் கட்டிக்கொண்டே எனக்குக் கை கொடுத்தான். "நம்ம ரூம்ல ஒருத்தனாவது உள்ள போனோமே சித்தப்பா" என்றான். மறுவாரம் மட்டைகளை விற்றுவிட்டு, மச்சானுடைய டயர் கடையில் சேர்ந்துவிட்டான்.

நான் உங்கள் செருப்பைப் பார்க்கவே இல்லை அப்பா. அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பட்டியல் போய்விடும், எல்லாம் போய்விடும். கடைசிப் போட்டி முடிந்ததும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்த 'முடிந்ததும்' எப்போது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

சின்னவன்

*

அக்டோபர் 5

சின்னவனுக்கு,

வர வேண்டாம் என்றாய். வந்துவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும். அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன், பலகைகளை வாசிக்க ஓர் ஆள் வேண்டுமே.

நீ கவலைப்படாதே. எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன். போட்டிக்கு முந்தின நாள் ஆபீசில் அந்தப் பெரிய நடுவரம்மாவைப் பார்த்தேன். நரைத்த முடி, சட்டைப் பையில் இரண்டு பென்சில். "அம்மா, போன தடவ என் மவன் பந்த நான்தான் காலால தள்ளிட்டேன். தப்புன்னு தெரியாது" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பெரியவரே, நீங்க தள்ளினத உங்க பையன் பார்த்தாரா?"

"இல்லம்மா. அவன் அந்தப் பக்கம் திரும்பி மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தான்."

பார்க்கவில்லை என்றால் உன் மேல் தப்பே இல்லையாம். அவரே சொன்னார். உன்னையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்று ஆளனுப்பினார். எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ உள்ளே போனதைப் பார்த்தேன். வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. வெயில் இறங்கும்வரை இருந்துவிட்டுப் பஸ் ஏறினோம். ஆட்டத்துக்குத் தயாராகப் போயிருப்பாய் என்று அக்காவிடம் சொன்னேன்.

எந்த இடத்தில் வந்தாய் என்று எழுது.

அப்பா

*

அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் ஆடவில்லை.

உள்ளே போனதும் அந்த அம்மா கேட்டார், "நீங்க அந்த நேரம் மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தீங்களாமே?"

அப்பா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷம் 'ஆமாம்' என்று ஒரு தலையசைப்பு போதும். நீங்கள் வழியை அவ்வளவு சுத்தமாக ஒதுக்கி வைத்திருந்தீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இல்ல மேடம். நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன்.

அந்த அம்மா உங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் பின்வாசல் வழியாகப் போனேன். உங்களைப் பொய்யராக்கிவிட்டு உங்கள் முன்னால் எப்படி வந்து நிற்பேன்?

நீங்கள் வந்த போட்டியின் கணக்கை அடித்துவிட்டார்கள். ஒரு வருஷம் ஆடக்கூடாது. என் வயதுக்கு அது முழுசாக நிறுத்தியது மாதிரிதான். பையன்கள் காரில் இடம் இருக்கிறது, வாங்க என்றார்கள். யாரும் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. நான் பஸ்ஸில் போனேன்.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நிமிராமல் அடித்துக்கொண்டே இருந்தான். முடித்து, மூடியைத் திருகிவிட்டு, "உங்கப்பா என் துண்டத் திருப்பித் தரலயே" என்றான். அது கோபமா வேடிக்கையா தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

இங்கே ஒரு பயிற்சி மைதானத்தில் பந்து பொறுக்கிக் கழுவும் வேலை இருக்கிறது. சேர்ந்துவிட்டேன். வீட்டுக்கு எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள்.

சின்னவன்

*

அக்டோபர் 16

என் சின்னவனுக்கு,

உன் கடிதத்தை அக்கா வாசித்தாள். கதவைச் சாத்தவில்லை. மாடி வீட்டுக்குக் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த அம்மா என்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை, டீதான் கொடுத்தார். இப்போது எந்த டீயைக் குடித்தாலும் அந்த டம்ளர் நினைவுக்கு வருகிறது. விளிம்பில் நீலக் கோடு போட்டது. இந்த வயதில் வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது.

உனக்கு முன்னால் போவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பீரோ என்றால் இரண்டு பேர் தூக்கவேண்டும். உன்னுடையது ஓர் ஆள் தூக்கும் சாமான், அது எனக்குத் தெரியவில்லை.

நெட்டையின் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அதை நான் தபாலில் அனுப்பப் போவதில்லை. நீ வா. இரண்டு பேருமாகப் போய்க் கொடுப்போம். திட்டினால் வாங்கிக்கொள்வோம். நான் செருப்பிலேயே வருகிறேன், ஷூ கடிக்கிறது.

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. வா என்றுதான் சொல்கிறேன்.

மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்கிறார்கள். வாசல்படியெல்லாம் வாளியும் பெட்டியும் கால் உடைந்த நாற்காலியுமாகக் கிடக்கிறது. காலையில் பழக்க தோஷத்தில் காலை நீட்டினேன். இழுத்துக்கொண்டேன். எல்லாம் கிடந்தபடியே கிடக்கிறது. நீயே பார்த்துத் தாண்டி வா.

நான் கதவருகில்தான் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் என் முகத்தைப் பார்.

உன் அப்பா