கடைசியாகச் சேர்ந்து நின்ற இடம்

என்னங்க,

இதை அறைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன். குகையைப் பார்த்துவிட்டு அருவிக்கு ஏறும்போது வழக்கம்போல முன்னால் போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டீர்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கூட்டமில்லாத தீவுதான் வேண்டும் என்றீர்களே, கூப்பிட்டால் கேட்க ஓர் ஆள் இல்லை. பதறிப்போய் அறைக்கு ஓடிவந்தேன். உங்கள் துண்டு மட்டும் கட்டிலில் கிடக்கிறது.

அப்புறம்தான் உறைத்தது. கடைத்தெருவில் தொலைந்தால் கடைசியாகச் சேர்ந்து நின்ற இடத்துக்கே வரவேண்டும், அதுதானே நம் பேச்சு? நீங்கள் குகையில் நிற்பீர்கள் என்று நான் சொன்னதும் விடுதிப் படகுக்காரர் முகம் மாறிவிட்டது.

“தண்ணி ஏறுற நேரம்மா, குகை முழுகிடும். சீக்கிரம் வாங்க.”

சொன்ன சொல் தவறாத மனுஷன் நீங்கள். அதனால்தான் அவரோடு படகில் ஏறுகிறேன்.

ஒருவேளை நான் திரும்புவதற்குள் இங்கே வந்துவிட்டால், என்னைத் தேடிக் குகைக்கு வராதீர்கள். இந்த ஒரு தடவை பேச்சை மீறுங்கள்.

உங்கள் முதுகைப் பார்த்தே நடப்பவள்