கோமதியின் நிஜ நோட்டுகள்

டீச்சர்,

இன்று காலை பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனார். பரணிலிருந்த சாக்கை இறக்கி வாயை அவிழ்த்ததும் பழைய நோட்டுகளின் மக்கிய வாடை அடித்தது. அதோடு எனக்கு வேலை ஓடவில்லை. இப்படியொரு சாக்கைத்தான் நீங்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினீர்கள்.

என் மகள் கோமதி அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை, என்று பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் அதை வெளியே மூச்சு விடவில்லை. நீங்கள் திருச்செந்தூர் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, பள்ளி பள்ளியாகச் சுற்றும் சிறப்பாசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதல் நாளே உரிமையாக ‘யக்கா’ என்றீர்கள். இதற்கெல்லாம் தனிப் பயிற்சியும் பரீட்சையில் கூடுதல் நேரமும் கிடைக்குமா என்று கேட்டேன். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பெயர் தனியாக இல்லை என்று ஒளிக்காமல் சொன்னீர்கள். என் முகம் வாடியதைப் பார்த்திருப்பீர்கள்.

“பேருக்குக் கெடையாதுக்கா. பிள்ளைக்கு எது முடியலையோ, அதுக்கு உண்டு. அத நாம காட்டணும்.”

அவள் எழுதப் படும் பாட்டைக் காட்டத்தான் மதிப்பீட்டு முகாமுக்கு நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னீர்கள். எங்களுடையது வாத்தியார் குடும்பம். மாமனார் தலைமையாசிரியராக இருந்தவர். அந்தக் கிறுக்கலை நாலு பேர் முன்னால் எப்படி நீட்டுவது? பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை ஒதுங்க வைப்பதுபோல, நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் புது நோட்டுகளில் நானே எழுதினேன். அட்டையும் போட்டேன். பழையதைச் சாக்கில் திணித்து மூலையில் வைத்தேன். கெட்டிக்காரி என்று நினைப்பு.

முகாமில் அன்று கூட்டம் நெரிந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, முத்து முத்தாக எழுதுகிற பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்தீர்கள். சாக்கு உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. கேட்காமலே கொட்டினீர்கள். பாதியில் நின்ற வரிகள், வழிமுறையே இல்லாமல் விடை மட்டும் சரியாக இருந்த கணக்குகள், ஆறு பக்கம் வெறுமையாக விட்டு ஏழாவதில் ஒரு மயில். பிறகு புது நோட்டைக் கையில் எடுத்துக் கோமதியிடம் கேட்டீர்கள்.

“பைய சொல்லுளா. இத யாரு எழுதுனது?”

“நாந்தான் டீச்சர்” என்றாள் கோமதி.

என் மானத்தைக் காப்பாற்ற என் பிள்ளை பொய் சொன்னாள். உங்களுக்குக் கொண்டுவந்த காப்பித் தம்ளரை ஜன்னலில் வைத்தேன். எழுதியது நான்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“இத அங்கனயும் வந்து சொல்லுவியளாக்கா?” என்று மட்டும் கேட்டீர்கள்.

அடுத்த முகாமில் சொன்னேன், வரிசையில் நின்ற தாய்மார் எல்லோர் காதிலும் விழும்படி. அவளை அங்கேயே எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். எழுதுவதிலும் அவளுக்குக் குறைபாடு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அதன்பிறகு வாரம் இரண்டு நாள் நீங்கள் அவளோடு உட்கார்ந்தீர்கள். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் கிடைத்தது. ஒரு வினாத்தாளின் கடைசிக் கேள்விவரை அவள் போய்ச் சேர்ந்தது அப்போதுதான் முதல் தடவை. பள்ளி வாசலில் என்னைவிட நீங்கள்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். இன்றும் வாரத்துக்கு ஒரு குடையைத் தொலைக்கிறாள்.

போன மாசியில் உங்களை அடக்கம் செய்த அன்று கோமதியோடு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். கல்லறைத் தோட்டம் நிறைய ஆட்கள். உங்கள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யாரம்மா என்று கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

“எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு ஆச்சி. ஒங்க மவதான் எனக்கு டீச்சர்.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழைய நானாக இருந்தால் பேச்சை மாற்றி அவளை நகர்த்திக்கொண்டு போயிருப்பேன். அன்று நகரவில்லை. உங்களை நினைக்கும்போதெல்லாம் முதலில் வந்து நிற்பது அந்த நிமிஷம்தான். நான் தலை குனியவில்லை, டீச்சர். “இவ எம் மவ” என்றேன்.