கூரையில் நீ நிற்கும் படம்

என் அன்பு அண்ணா,

நீ விழுந்த இடத்தில் இன்று வயலின் வாசித்தார்கள்.

நான் வீட்டுவேலை செய்கிற வீட்டு எசமானி, சிஞ்ஞோராதான், அழைப்பிதழைத் தந்தார். "பழைய தொழிற்சாலையைக் கலைக்கூடம் ஆக்கிவிட்டார்கள். போய்ப் பார், எவ்வளவு அழகு" என்றார். நீ செத்தது அங்கேதான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அழகுதான், அண்ணா. அதுதான் எனக்கு ஆத்திரம். நீயும் உன்னோடு வேலை செய்த அந்தோனியும் துருப்பிடித்த தகரங்களைக் கழற்றிய கூரையில் இப்போது கண்ணாடி. கீழே வெள்ளைச் சுவர், வைன் கிண்ணங்கள், பெரிய மனிதர்களின் பேச்சு. பலெர்மோ நகரம் மறுபடி பிறந்துவிட்டதாம். அதற்கு நீ சாக வேண்டியிருந்ததா?

நீ போனபின் நடந்தது உனக்குத் தெரியாது. விழுவதற்கு முதல் நாள் என்னிடம் சொன்னாயே, "இடுப்பிலை கட்டக் கயிறு கேட்டனான் தங்கச்சி, பயமெண்டால் நாளைக்கு வராதை எண்டிட்டான்" என்று. உன்னை வேலைக்கு வைத்த அதே கொந்தராத்துக்காரன், உன்னை ஒருநாளும் கண்டதில்லை என்று பொலிசிடம் சொன்னான். இரும்பு களவெடுக்க மதிலேறி வந்தவனாம் நீ. உன்னிடம் இந்த நாட்டில் தங்கும் அனுமதி, பெர்மெஸ்ஸோ, இல்லை, வேலைக்குச் சேர்ந்த கடதாசி இல்லை. அப்படியே எழுதிக் கோப்பை மூடினார்கள்.

எல்லாம் கண்டவன் அந்தோனி. அவனைக் கெஞ்சினேன். "என்னட்டையும் பெர்மெஸ்ஸோ இல்லையக்கா. வாய் திறந்தால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றான். அதன்பிறகு கோயிலில் கண்டாலும் அவனோடு கதைப்பதில்லை.

இன்று கடைசி மண்டபத்தில், அந்த இடம் முன்பு இருந்த கோலத்தைப் படங்களாக மாட்டியிருந்தார்கள். மூன்றாவது படத்தில் நீ. கூரை விளிம்பில், இடுப்பில் கயிறு இல்லாமல், தகரம் ஒன்றை நெம்புகிறாய். கீழே நின்று உனக்குக் கை காட்டுகிறான் அந்தக் கொந்தராத்துக்காரன். உன்னை ஒருநாளும் காணாதவன்.

படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்தப் புகைப்படத்தை எடுத்த பெண் ஓடிவந்தாள். "இது என் அண்ணன். இங்கே வேலை செய்தவன்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கத்தினேன். வயலின் நின்றுவிட்டது. நான் சொன்னதெல்லாம் கேட்டு அவள் வெளிறிப்போனாள். "கொண்டுபோங்கள். எடுத்த திகதி பின்னால் இருக்கிறது. கேட்டால் நானும் வந்து சொல்வேன்" என்றாள். நீ விழுந்ததற்கு முதல் நாள் அந்தத் திகதி.

நேரே பஸ் ஏறிப் பிரான்காச்சோவில் அந்தோனி வீட்டுக்குப் போனேன். படத்தை மேசையில் போட்டேன்.

"இப்ப உன்னட்டை பெர்மெஸ்ஸோ இருக்குத்தானே. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய்?"

படத்தின் ஓரத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓமக்கா, இது என்ரை கால். நாளைக்கு வாறன்."

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கத்தான் வேண்டுமா? அவன் வந்து சொன்னால் போதும்.

நாளை காலை க்வெஸ்தூராவுக்கு, பொலிஸ் தலைமையகத்துக்கு, போகிறோம். மூடிய கோப்பைத் திறக்க முடியாது என்பார்கள். வெளியே போகச் சொல்வார்கள். போகமாட்டேன், அண்ணா. நீ வேலை செய்யும்போது செத்தாய் என்று எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை அந்த வாசலை விடமாட்டேன்.

கோபம் ஆறாத உன் கூடப்பிறந்தவள்,
மெற்றில்டா