காரணம் எழுதும் கோடு

பெலெம்
2 ஜூன் 1998

அம்மா, முதலில் ஆசி கொடு.

எனக்குக் கிடைத்துவிட்டது. மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவிகள் நாற்பது பேரில் இரண்டு பேரைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். நானும் ஒருத்தி! பேராசிரியை லெனீராவுடன் ஒரு வருட வேலை. சர்க்கரையால் காலில் புண் வந்த பெண்கள் பாதியிலேயே கட்டுப் போட வராமல் நின்றுவிடுகிறார்களே, ஏன் என்று கேட்டு எழுதப் போகிறோம்.

ஒரே வருத்தம், ஜூலை விடுமுறைக்கு வர முடியாது. விட்டு வந்தால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். போன டிசம்பரிலும் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், தெரியும். உன் கையால் அசாயி பழக்கூழில் மரவள்ளி மாவைப் போட்டுத் தின்ன மாட்டோமா என்று ஏங்கிப் போயிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு கேள்விப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு பெனெதீதா அக்காவுக்குக் காலில் புண் இருக்கிறதே, அவரிடம் நிரப்பி வாங்கி அனுப்பு. பெயர் வேண்டாம், உண்மை மட்டும் போதும். பொய் கலந்தால் ஆராய்ச்சியே பாழ்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

ஜசீரா

கமெத்தா
16 ஜூன் 1998

என் ஜசீராவுக்கு, ஆண்டவர் உன்னைக் காப்பார்.

உன் கடிதத்தைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டினேன். மீன் விற்கிற ஒசியாஸ், "உன்ன மாதிரி வாயாடி பெத்த பொண்ணு, கேள்வி கேக்காம இருக்குமா?" என்றான். சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கொஞ்சம் அழவும் செய்தேன். ஜூலைக்கென்று உன் தொங்கு படுக்கையைத் துவைத்து வைத்திருந்தேன், மடித்து உள்ளே வைத்துவிட்டேன். நீ வராதே. நாற்பதில் ரெண்டு என்றால் சும்மாவா?

பெனெதீதா, மனாவுஸில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். படிவம் சும்மா கிடப்பானேன் என்று நானே நிரப்பினேன். கடிதத்தில் முன்னே பின்னே எழுதிவிடலாம், ஆராய்ச்சியில்தான் பொய் கூடாது என்றாயே. பெயர் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா
டோராலிசி

(படிவம்)
உடன் வசிப்பவர்: யாருமில்லை.
புண் எவ்வளவு நாளாக: மார்ச்சிலிருந்து, இடது கால்.
கட்டுப் போடுபவர்: நானே, குனிய முடிகிற நாளில்.
சுகாதார நிலையத்துக்குப் போவதை நிறுத்தியது: ஏப்ரல்.
காரணம்: இன்னொரு தரம் புண்ணை இப்படியே பார்த்தால் பெலெம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்றாள் அங்கே உள்ள நர்ஸ். பெலெமில் என் மகள் படிக்கிறாள். படிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கட்டிலடியில் உட்கார்ந்துவிடுவாள்.

பெலெம்
24 ஜூன் 1998

அம்மா,

படிவத்தைப் பேராசிரியை முன்னால் பிரித்தேன். படித்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். பெயர் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. "எங்கம்மா" என்றேன். சொந்தக்காரர் படிவம் செல்லாது என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் போனால் இடத்தை வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார், பாவம், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? மார்ச்சிலிருந்து நாலு கடிதம் போட்டிருக்கிறாய். நாலிலும் "நலம்". காரணம் எழுதும் கோட்டில் என்னை எழுதியிருக்கிறாயே அம்மா. இனி எந்தப் பெண்ணிடம் போய், ஏன் கட்டுப் போட வரவில்லை என்று நான் கேட்பேன்?

வெள்ளிக்கிழமை வேலையை அடுத்தவளிடம் ஒப்படைக்கிறேன். இந்தக் கடிதம் நாளைப் படகில் வரும், நான் சனிக்கிழமைப் படகில். துறைக்கு நடந்து வராதே. காலை உயரத் தூக்கி வைத்துப் படுத்திரு. நான் வந்து கட்டை அவிழ்க்கிறேன்.

ஜசீரா