சிவப்பு ஒட்டிய பதினோரு டப்பாக்கள்

உன் டப்பாக்கள் இருக்கும் துணிப்பை மூன்று நாட்களாக என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. தெரியாமல் காலால் இடித்துவிட்டால் உள்ளே ஈயக் குண்டுகள் உருளும் சத்தம் கேட்கிறது. பையின் வாயை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. ஆனாலும் வாசனை வெளியே வந்துவிட்டது. ஈயமும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து இட்லி தின்னும்போது நம் இரண்டு பேர் விரலிலும் ஒட்டியிருக்குமே, அதேதான். "சோப்பு போட்டுக் கழுவினீங்களா ரெண்டு பேரும்?" என்று உன் செல்வி அடுக்களையிலிருந்து கேட்பாள். கழுவிவிட்டோம் என்று நாம் ஒரே குரலில் பொய் சொல்வோம்.

பையைக் கொடுத்ததும் செல்விதான். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி உன் தெருவுக்குள் நுழைவதை நான் அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். "பரண்ல கீதுண்ணா. துப்பாக்கிய கிளப்புல குடுத்துடச் சொன்னாரு, குடுத்துட்டேன். டப்பா மட்டும் உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிட்டாரு" என்றாள். போட்டிக்கு லாயக்கில்லை என்று நாம் கழித்துப்போட்ட டப்பாக்கள். அதை எதற்கு எனக்கு விட்டுப்போனாய் என்று உன் மேல் கோபம்தான் வந்தது. உன் மேல் கோபப்படுவது எனக்குப் புதிதில்லை. ஆறு மாதமாக வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்?

உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்த ஒன்று இருக்கிறது. பையை அவிழ்ப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. இருபத்தாறு வருடமாக நான் எழுதியதெல்லாம் மில்லிமீட்டரும் கீழே ஒரு கையெழுத்தும்தான். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பட்டறையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? கோவில்பட்டியிலிருந்து வந்த புதிது. நீ லேத்தில் கடைந்து அனுப்பிய ஒரு தட்டு புஷ் வளையங்களையும் அளவு பார்க்கிற கேஜில் போட்டுப் பார்த்து, அத்தனையும் அளவு தப்பு என்று தட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். பச்சை ஒட்டினால் அனுப்பலாம், சிவப்பு ஒட்டினால் கழிசல். ஒட்டியவனைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம். நீ கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாய்.

"இன்னா அண்ணாத்தே, ஊருக்குப் புச்சா? பீஸு கரீட்டா கீது. மொதல்ல உன் கேஜ செக் பண்ணு."

செக் பண்ணினேன். கேஜ்தான் தேய்ந்திருந்தது. என் சிவப்பை நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, என் மேசையில் இருந்த தாளிலிருந்தே ஒரு பச்சையை எடுத்து ஒட்டிவிட்டு, "டீ வாங்கிக் குடு" என்றாய். சட்டப்படி நான் புகார் எழுதியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதமே அண்ணாத்தே மாமே ஆகிவிட்டேன்.

காற்றுத் துப்பாக்கிப் பைத்தியம் உனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. ஆவடிப் பக்கம் இருந்த கிளப்பில் யாரோ கையில் பிஸ்டலைக் கொடுத்து, சும்மா சுட்டுப் பாருங்கள் என்றிருக்கிறார்கள். பத்து மீட்டர் தூரத்தில் இருந்த அட்டையில் நடு வட்டத்தைக் கிழித்து வைத்தாய். லேத்தில் நின்ற கை, நடுங்கத் தெரியாத கை. மூன்றே வருடத்தில் மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவில் வெண்கலம். "ஒரே ஒரு தபா நேஷனல்ஸ்ல நின்னுட்டா போதும் மாமே, அப்பால பிஸ்டல வித்துட்டு பிரியாணிக் கடை வெக்கலாம்" என்பாய். பிரியாணிக் கடை பொய். நேஷனல்ஸ் நிஜம்.

வெளியாளிடம் சொன்னால் சிரிப்பான். கொத்துமல்லி விதை அளவு ஈயக் குண்டு. அதில் என்ன கம்பெனி, என்ன நல்லது கெட்டது? ஆனால் ஒரே கம்பெனி, ஒரே நிற டப்பா, டப்பாவுக்குப் பின்னால், எந்தத் தடவை வார்த்த குண்டு என்று அச்சடித்த லாட் நம்பர் மட்டும் மாறினால் போதும், அதே துப்பாக்கி வேறு மாதிரி சுடும். உன் பிஸ்டலுக்கு நீல டப்பாவில் ஒரு லாட் பிடித்துப்போனது. அந்த லாட்டில்தான் வெண்கலம் வாங்கினாய். அது தீர்ந்துபோன மாதம்தான் உன் குறியும் சிதற ஆரம்பித்தது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததுதான் நம் போதாத காலம். லாட்தான் காரணம் என்று நாம் இரண்டு பேரும் உடனே நம்பிவிட்டோம்.

யூடியூபில் நீ ஒரு வெளிநாட்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாய். இரண்டு கிழவர்கள் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை எடுத்து மறுபடி தோட்டா கட்டுவார்கள். தோட்டாவின் அடியில் பொறி வைக்கிற ஒரு சின்ன மூடி இருக்கிறது, பிரைமர் என்று பெயர். எந்தக் கம்பெனி பிரைமர் உசத்தி என்று அவர்களுக்குள் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். உனக்கு இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியாது. ஆனாலும் வாயைப் பிளந்து பார்ப்பாய். "நம்மூர்ல ஊட்ல குந்திகினு இத்த செஞ்சா, போலீஸு ஜீப் எட்த்துகினு வந்து இட்டுகினு பூடுவான். நமக்கு இன்னா, டப்பா மாத்திக்கினு கெடக்க வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விடுவாய்.

டப்பா மாற்றினோம். எட்டு மாதம். ஞாயிறுதோறும் மொட்டை மாடியில்தான். படிக்கட்டுக் கூரையிலிருந்து தண்ணித் தொட்டி வரை சரியாகப் பத்து மீட்டர். தொட்டிக்கு முன்னால் நாம் பட்டறைத் தகட்டில் மடித்துச் செய்த பெட்டி, அதில் அட்டை. எந்த டப்பா என்று தெரிந்தால் மனசு ஏமாற்றும் என்று, ஐந்து ஐந்து குண்டாக மருந்து பாட்டில் மூடிகளில் போட்டு நம்பர் எழுதி வைத்தவன் நான். எந்த மூடியில் எந்த லாட் என்று எனக்கு மட்டுமே தெரியும். நீ சுடுவாய், நான் ஓட்டைகளுக்கு நடுவே வெர்னியர் வைத்து அளந்து, தலையை ஆட்டி, டப்பாவின் மேல் சிவப்பு ஒட்டுவேன். எல்லா மூடியும் ஒரே மாதிரி சிதறியது. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாலு வீட்டு மாவில் தோசை ஊற்றி நாலும் தீய்ந்தால் மாவையா திட்டுவார்கள்?

ஒரு ஞாயிறு, மூடியிலிருந்து குண்டை உன்னால் எடுக்க முடியவில்லை. மூன்று முறை விரலில் பிடிபடாமல் உருண்டது. "நீயே போடு மாமே, டைம் வேஸ்ட்டு" என்றாய், எங்கேயோ பார்த்துக்கொண்டு. நான் போட்டேன். அதற்கப்புறம் எப்போதும் நான்தான் போட்டேன்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். டிரிகர் ஸ்பிரிங் சந்தேகமாக இருக்கிறது, ஒரு நாள் கொடு என்று உன்னிடம் பிஸ்டலை வாங்கிப் போனேனே, அது பொய். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். பட்டறையைக் கழுவிவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். பெஞ்சு வைஸின் இரும்புத் தாடைகளில் சைக்கிள் டியூப் சுற்றி, நடுவே பிஸ்டலை அசையாமல் இறுக்கினேன். அதுவரை நாம் கழித்த ஆறு லாட்டிலிருந்தும் ஐந்தைந்து குண்டு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை. ஆறு அட்டையிலும் ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. ஆறிலும். வெர்னியரே தேவைப்படவில்லை.

குண்டில் கோளாறு இல்லை. துப்பாக்கியில் கோளாறு இல்லை. கவிழ்த்துப்போட்ட வாளி மேல் உட்கார்ந்து ஆறு அட்டையையும் அடுக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வைஸில் பூட்டினால் நேராகப் போகிற குண்டு உன் கையில் இருந்தால் ஏன் சிதறுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை.

மறுவாரம் நீ கேட்டாய். "இன்னா ஆச்சு, ஸ்பிரிங்கா?"

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. லாட்தான் சரியில்ல. வேற டப்பா பாப்போம்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரி மாமே. நீ சொன்னா சரி." மொதல்ல கேஜ செக் பண்ணு என்று நீ சொல்லவில்லை. பட்டறையில் எதைப் பற்றி வாக்குவாதம் வந்தாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்கிறவன், அன்றைக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஐந்து டப்பா. உண்மை தெரிந்துகொண்டே மூடிகளில் நம்பர் எழுதினேன், தெரிந்துகொண்டே அளந்தேன், தெரிந்துகொண்டே சிவப்பு ஒட்டினேன். என் வேலை வாழ்க்கையில் நான் ஒட்டிய பொய் ஸ்டிக்கர்கள் அந்த ஐந்துதான். தை மாதம் நீ சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றதைப் பார்த்து, செல்விதான் உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற வியாதி, மருந்தில்லை என்றார்கள். முன்னாலேயே வந்திருந்தால், என்று டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். வந்திருந்தாலும் இதேதான் என்றார். வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போய் இன்னொரு தடவை கேட்டேன். அவர் அதையே சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எதைச் செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வது?

கடைசி மாதங்களில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் போனைப் பிடித்துக்கொள்ள, அந்தக் கிழவர்களைப் பார்த்தோம். உன் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. "எந்தப் பிரைமர் நல்லதாம்?" என்று கேட்டாய். "இன்னும் முடிவு பண்ணலடா, சண்டைதான் போடுறானுங்க" என்றேன். உன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் அந்த ஆறு அட்டையையும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு, செல்வி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ரயிலேறிவிட்டேன்.

சொல்லிவிட்டேன். இவ்வளவுதான்.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, போய்ப் பையை அவிழ்த்தேன்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாக்களின் மேல் என் சிவப்பு இல்லை. பச்சை. கோணல்மாணலாக, ஒன்று ஓரத்தில் தொங்கிக்கொண்டு, ஒன்று தலைகீழாக. அடியில் சிவப்பை உரித்த இடத்தில் வெள்ளைப் பிசிறு பிசிறாகப் பசை. பட்டறையிலிருந்து கொண்டுவந்து, எட்டு மாதமும் உன் மாடியில் என் வெர்னியர் பெட்டிக்குள் கிடந்த பச்சை ஸ்டிக்கர் தாள். நான் அதிலிருந்து ஒன்றுகூட எடுக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மேசை மேல் வைத்தேன். பத்து டப்பாவிலும் பச்சை.

செல்விக்குப் போன் பண்ணினேன். "அதுவாண்ணா? அவரேதான் ஒட்டினாரு, பங்குனியில. நான் ஒட்டித் தரேன்னா உடல. ஒரு மத்தியானம் பூரா குந்திகினு இருந்தாரு. வெரலு எங்க வேல செஞ்சிது, பல்லால கூட கட்ச்சி இழுத்தாரு. எதுக்குய்யா இதுன்னு கேட்டேன். மாமே ராங்கா ஒட்டி வெச்சிட்டான்னாரு."

அப்படியென்றால், கேஜ செக் பண்ணு என்று நீ சொல்லாத அன்றைக்கே உனக்குத் தெரியும். நான் வைஸில் கட்டிப் பார்த்தது தெரியுமா, உன் கையே உனக்குச் சொல்லிவிட்டதா, அதை நான் இனிமேல் யாரிடம் கேட்பது? டப்பாவில் கோளாறில்லை என்று தெரிந்தும் அந்த ஐந்து டப்பாவையும் எனக்காக நின்று சுட்டிருக்கிறாய். நான் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. நானும்தான் சொல்லியிருக்கலாம்.

ஆறு அட்டையையும் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பட்டறைக்குப் போனால் சிவப்பு ஒட்டும் முன் கேஜை இரண்டு தடவை பார்ப்பேன்; அது பழக்கமாகிவிட்டது. எல்லா லாட்டும் நல்ல லாட்தான், சுடத்தான் ஆளில்லை.

பதினோராவது டப்பாவில் என் சிவப்பு இன்னும் இருக்கிறது. ஒரு மூலையிலிருந்து கிளப்பியிருக்கிறாய். பாதி வரை வந்திருக்கிறது, அதற்கு மேல் உன்னால் முடியவில்லை போலிருக்கிறது. நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். பையின் அடியில் கிடந்த பச்சைத் தாளில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. என் கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மூலையில் நகத்தை வைத்து வைத்துப் பார்க்கிறேன், என்னால் முடியவில்லை.