மயக்கத்தில் சொன்னது

ஊரிகம்,
கம்பெனி ஆஸ்பத்திரி, கோலார் தங்கவயல்,
1904 பிப்ரவரி 8.

அன்புள்ள லூயிசாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கன்னம் வீங்கியிருக்கிறது, கிராம்புத் தைலம் தடவுகிறேன், அம்மா உப்பு ஒத்தடம் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் மறைக்கும். வேரில் கட்டிய சீழை அது என்ன செய்யும்? பல்லைப் பிடுங்க வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை.

பயம் என்று நீ எழுதவில்லை. ஆனால் கடிதத்துக்குக் கடிதம் நாளைத் தள்ளுகிறாய், அதனால் பயம்தான். பயத்துக்கும் வழி இருக்கிறது, கேள். கொக்கெயின் கரைசலை ஊசியால் ஈறில் ஏற்றினால் அந்த இடம் மரத்துப்போகும், நீ விழித்தே இருப்பாய். ஆனால் சீழ் பிடித்த ஈறில் அது சரியாக வேலை செய்யாது. சிரிப்பு வாயு நல்லது, சீக்கிரம் தெளியும். அதற்கான இரும்பு உருளையும் குழாயும் மெட்ராஸில்தான் இருக்கின்றன. பிராந்தியில் அபினி கலந்து கொடுப்பவர்களும் உண்டு. அது வைத்தியம் இல்லை, குடித்துவிட்டு அடிவாங்குவது.

உனக்கு ஏற்றது குளோரோபாரம். வெறும் வயிற்றில் வர வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுப்பது ஆபத்து, மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் கொடுப்பேன். துணியில் சொட்டுச் சொட்டாக விடுவேன், பெரிய டாக்டர் துரை நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். இதுவரை என் கையில் ஒருவருக்கும் எதுவும் ஆனதில்லை.

திங்கட்கிழமை ரயில் ஏறு. பௌரிங்பேட்டைக்கு நான் வருகிறேன். நீ இல்லாமல் வீட்டில் சோறு வாய்க்கு ருசிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கணவன்,
கொர்னேலியஸ்.


வேலூர்,
பிப்ரவரி 10.

பிரியமுள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் கன்னம் தவிர. அம்மா உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னா மாப்பிள்ள இவரு, பல்ல புடுங்க கூப்புடுறாரா, பொண்டாட்டிய கூப்புடுறாரா" என்றார்கள்.

எனக்கு வலிக்குப் பயமில்லை. அந்தத் துணிக்குத்தான் பயம்.

சம்பங்கிக்கு நீங்கள் கடைவாய்ப் பல் எடுத்தது நினைவிருக்கிறதா? பாறை துளைக்கிற அந்த ஆள் மயக்கத்தில், "மங்கா, அடுப்பாண்ட மிதிக்காத, கல்லு கீது" என்று பெண்டாட்டியிடம் பேசுவதாக நினைத்து உளறினான். அன்றைக்குச் சாப்பிடும்போது ஸ்டோர் குமாஸ்தா எட்மண்டுக்கு அதை அவன் குரலிலேயே பேசிக் காட்டினீர்கள். அவர் எங்கே போய்ச் சொன்னாரோ. காவல்காரர்கள் வந்து அடுப்பைப் பெயர்த்தார்கள். தங்கம் ஓடிய கல் ஒன்று கிடைத்தது. வேலை போயிற்று, கம்பெனி கொடுத்த லைன் வீடும் போயிற்று. மங்கம்மா பானைகளைத் தெருவில் அடுக்கிவைத்து உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். அடுத்த வாரம்தான் நான் இங்கே வந்தேன்.

மயக்கத்தில் நான் என்ன பேசுவேனோ. அதை நீங்கள் யாரிடம் பேசிக் காட்டுவீர்களோ.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா நாளைக்கே எடுத்துவிடலாம் என்கிறார். இங்கே எடுத்துவிட்டால், ஊரிகத்துக்கு எதற்காக வருவது என்று எனக்குத் தோன்றிவிடும். அதனால் வலியோடு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் யோசித்து எழுதுங்கள்.

லூயிசா.


ஊரிகம்,
பிப்ரவரி 12.

அன்புள்ள லூயிசாவுக்கு,

அவன் கல்லை எடுத்தது உண்மை. நான் எட்மண்டிடம் மட்டும்தான் சொன்னேன். வேலையை விட்டு நீக்கியது கம்பெனி, நான் இல்லை. நீயோ நான் காட்டிக்கொடுத்தது போல எழுதுகிறாய். அப்படி நீ எதை மறைக்கிறாய், மயக்கத்தில் வெளிவந்துவிடும் என்று பயப்பட?

இங்கே நிலைமை உன் பேச்சுக்கு ஒத்துத்தான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. சம்பங்கிக்குப் பிறகு சுரங்க ஆட்கள் ஒருவனும் என்னிடம் பல்லுக்கு வருவதில்லை. கடைத்தெரு நாவிதரிடம் போகிறார்கள். நேற்று தசரதன் வந்தான், சம்பங்கியோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்தவன். தாடை பானை போல வீங்கி வாய் விரல் அளவுதான் திறக்கிறது. விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறும், ஆள் பிழைக்கமாட்டான். மயக்கம் கொடுக்காமல் வாயைத் திறக்கவே முடியாது. சொன்னேன்.

"தூங்கமாட்டேன், சின்ன டாக்டரே. தூங்கினா பேசுவேன்."

"செத்தால் பேசமாட்டாய், அது பரவாயில்லையா?"

"சொரங்க ஷாப்டுக் குழியில புதுக் கயிறு கட்டினா மொதல்ல கேஜுக் கூண்டுல யாரு எறங்குறாங்க? மேஸ்திரி. அவரு எறங்கி ஏறினப்புறம்தான் நாங்க. நீங்க மொதல்ல படுங்க. சம்பங்கி வந்து பக்கத்துல ஒக்காந்து கேக்கட்டும். அப்புறம் நான் படுக்குறேன்."

பைத்தியக்காரத்தனம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ திங்கட்கிழமை வருவாயா, மாட்டாயா? ஒரே வரியில் எழுது.

கொர்னேலியஸ்.


வேலூர்,
பிப்ரவரி 14.

பிரியமுள்ள அத்தானுக்கு,

ஒரே வரி கேட்டீர்கள். உங்களுக்கும் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தை இருக்கிறது, கரும்பு கடித்தால் துள்ளுவீர்கள்.

லூயிசா.


ஊரிகம்,
பிப்ரவரி 19.

அன்புள்ள லூயிசாவுக்கு,

படுத்தேன். பல் போயிற்று.

சம்பங்கி இப்போது பேத்தமங்கலத்தில் ஏரி வேலைக்கு மண் சுமக்கிறான். நானே போனேன். கூடையை இறக்காமலே, "இன்னா சார், மறுபடியும் தூங்கவெக்க வந்தீங்களா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். மண்ணைக் கொட்டிவிட்டு வந்தான். பிறகு தசரதனுக்காக வருகிறேன் என்றான், எனக்காக இல்லை.

துரை சிரித்துக்கொண்டே துணியைப் பிடித்தார். எத்தனையோ பேர் மூக்கில் நான் வைத்த துணி. அந்த இனிப்பு வாசனை அவ்வளவு பயங்கரம் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. விழித்தபோது சம்பங்கி காலடியில் உட்கார்ந்திருந்தான். மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன சொன்னேன்?" என்று சம்பங்கியைக் கேட்டேன்.

"இன்னாமோ சொன்னீங்க."

"என்ன சொன்னேன் என்று கேட்கிறேன்."

"பாதி இங்கிலீசு, மீதி தமிழு."

"தமிழில் என்ன?"

"அத்த எதுக்கு இப்ப? ரத்தம் கசியுது, வாய மூடுங்க."

வாசலில் எட்மண்ட் அவனைப் பிடித்துக்கொண்டான். "இன்னாடா உளறினாரு? சொல்லு, சுருட்டு தர்றேன்." சம்பங்கி, "ஒங்க சுருட்ட நீங்களே புடிங்க, ஸ்டோர் ஐயா. அவரு அடுப்பாண்ட ஒண்ணும் வெக்கல" என்று சொல்லிவிட்டு நடந்தான். மங்கம்மாவையும் கேட்டேன். சிரிக்கிறாளே தவிர வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பிடும்போதும், நாடி பார்க்கும்போதும் அதே நினைப்பு. துரை முகத்தைப் பார்க்கவே கூசுகிறது.

மறுநாள் தசரதன் படுத்தான். தாடையைத் திறந்து சீழை இறக்கினேன், இரண்டு பல் எடுத்தேன். பிழைத்துவிட்டான், கஞ்சி குடிக்கிறான். அவனும் மயக்கத்தில் பேசினான். என்ன பேசினான் என்று உனக்கும் எழுதமாட்டேன்.

மயக்கத்தில் வரும் பேச்சு காய்ச்சல் பிதற்றல் மாதிரி, அதை வைத்து யார் வீட்டையும் சோதிக்கக் கூடாது என்று துரையிடம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். மேனேஜர் துரை சம்பங்கியை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. கல் கல்தான் என்கிறார். இன்னொரு முறை போய்ப் பேசுவேன்.

உன் பல்லை அந்த டாக்டரம்மாவே எடுக்கட்டும். கெட்டிக்காரர் என்று கேள்வி. வலியோடு இருக்காதே. அதன்பிறகும் ஊரிகத்துக்கு வரத் தோன்றினால் வா.

கொர்னேலியஸ்.


வேலூர்,
பிப்ரவரி 21.

பிரியமுள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நான் இங்கே வந்தபோது திரும்பி வரும் எண்ணம் இல்லை. டிரங்குப் பெட்டியில் கலியாணப் புடவையையும் வைத்துத்தான் கட்டினேன். உங்கள் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் எதிரே வார்த்தையை அளந்து அளந்து பேசி என் குரலே எனக்கு மறந்துபோயிற்று. மேசையில் நான் சொன்னதையெல்லாம் மறுநாள் எட்மண்ட் வாயில் கேட்டிருக்கிறேன். உங்களோடு இருக்கும்போது தனியாக இருக்கிறேன். மயக்கத்தில் இதைத்தான் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன்.

இப்போது விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை ரயிலில் வருகிறேன், வெறும் வயிற்றோடு. பௌரிங்பேட்டையில் நில்லுங்கள். குளோரோபாரமே கொடுங்கள்.

உங்கள்,
லூயிசா.