ஒன்பது நாள் லீவு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.08.2025

அன்பின் ரிப்கா,

குச்சவெளியில் எல்லாரும் சுகம்தானே? இரண்டு வருடமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் பேனை பிடித்தேன்.

போன கிழமை தொழில் திணைக்கள அதிகாரி நம்முடைய போட் இன்ஜின் பட்டறைக்கு வந்தார். பதினொரு பேர் வேலை செய்யும் இடத்தில் வேலைநேரம், லீவு, வேலைநீக்கம் ஒன்றுமே எழுத்தில் இல்லையா என்று கேட்டார். ஒரு மாதத்துக்குள் சேவை விதிகள் வேண்டுமாம். இங்கே கிளார்க்காக இருந்தபோது நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். "வீட்டு ஆக்களுக்கு என்ன விதி?" என்று நான் சிரித்தேன்.

எழுதித் தருவீர்களா?

அன்புடன்,
மக்டலின் அக்கா

குச்சவெளி.
11.08.2025

அன்பின் அக்கா,

எல்லாரும் சுகம். வாப்பா இப்போது எழும்பி நடக்கிறார். இருபத்திரண்டு விதிகள் இத்துடன் இருக்கின்றன, சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து எழுதினேன். ஏழாவதை மட்டும் எனக்காக எழுதினேன். லீவு கேட்பதும் கொடுப்பதும் எழுத்தில்தான், ஒப்பமிட்ட பிரதி ஒன்று தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்.

வாப்பாவின் ஒப்பரேசனுக்கு லீவு கேட்டபோது, "போயிட்டு வாங்கோ பிள்ளை" என்றீர்கள். ஒன்பது நாள் கழித்து வந்தேன். சொல்லாமல் வேலையை விட்டவள் என்று உங்கள் தம்பி ஜக்சன் வரவு இடாப்பில் எழுதி, என் கதிரையில் வேறொரு பிள்ளையை இருத்தியிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் நீங்கள் வாய் திறக்கவில்லை. வேலை போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

ரிப்கா

திருகோணமலை.
16.08.2025

அன்பின் ரிப்கா,

ஏழாவது விதி வேண்டாம் என்று ஜக்சன் ஒற்றைக் காலில் நின்றான். பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டு, "ரிப்காவுக்கு லீவு குடுத்தது நான். அண்டைக்குச் சொல்லாம விட்டது என்ர பிழை" என்றேன். தம்பிக்கு மரியாதை கெட்டுவிடும் என்று அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கதைக்காமல் திரிந்தவன் இன்றைக்குத் தானே வந்து தேத்தண்ணீர் கேட்டான். விதிகள் சுவரில் ஏறிவிட்டன.

அந்தப் பிள்ளை கலியாணம் முடித்துக் கந்தளாய்க்குப் போய்விட்டது. கதிரை சும்மா கிடக்கிறது. உங்கள் ஒன்பது நாள் லீவையும் ஒப்பமிட்டு அனுப்புகிறேன், பழைய திகதியே போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

குச்சவெளி.
20.08.2025

அன்பின் அக்கா,

கடிதத்தை வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். லீவுத் துண்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்பதாவது விதியைப் பார்க்கவில்லையா? பழைய திகதி போட்டு ஒப்பமிட ஏலாது. எழுதும் நாளின் திகதியில் புதிதாக எழுதி மேசையில் வையுங்கள். முதலாந்திகதி திங்கட்கிழமை வந்து வாங்குகிறேன்.

வேலை எட்டரைக்கு என்று நானே எழுதியிருக்கிறேன். குச்சவெளி பஸ் எட்டே முக்காலுக்குத்தான் வந்து சேரும். தினமும் பதினைந்து நிமிடம் பிந்த அனுமதி வேண்டும். இதையே என் எழுத்துமூல விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பின்,
ரிப்கா